மச்சான் வீட்டு நெட்டு

மழைக்காலத்தில் ஜீப் ஓட்டிவிட்டு வந்து ஸ்வெட்டரைக் கழற்றினால் ஒரு வாசனை வரும் பாருங்கள்... நனைந்த கம்பளி, டீசல், எல்லாம் கலந்து, ஆட்டுக்கிடா குளித்துவிட்டு வந்த மாதிரி. என் மனைவி செல்வி மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை இரண்டு விரலால் வாங்கிப் போவாள். எங்கே போகிறாள் என்று நான் கேட்டதே இல்லை. காலையில் காய்ந்து வந்துவிடும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம்.

பள்ளிவாசல் என்கிற மலையூர்ப் பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில் இருந்தோம். செல்விக்கும் என் அக்காவுக்கும் கொழுந்து பறிக்கிற வேலை. வரிசை வீடுகளில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அக்கா. எனக்கும் அக்கா புருஷன் மச்சானுக்கும் ஆளுக்கொரு டூரிஸ்ட் ஜீப்.

பிராட்பேண்ட் வந்த புதுசு. டெலிபோன் லைன் மச்சான் வீட்டில்தான். அவர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு நீல ஒயர் கிளம்பி, அவர்கள் அடுக்களை வழியாகப் போய், கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்து என் கம்ப்யூட்டருக்கு வரும். ஒரு நெட்டு, இரண்டு வீடு.

கொச்சி ஏஜென்ட் ஒருத்தர் மறுநாள் ட்ரிப்பை சாயங்காலம் எங்கள் இருவருக்கும் மெயிலில் போடுவார். முதலில் யார் ‘ஓகே’ அடிக்கிறார்களோ அவருக்கு ட்ரிப். அஞ்சாம் கிளாஸோடு நின்ற எனக்கு அது ஒன்று அடிக்கத் தெரிந்தால் போதும்.

அந்த வருஷம் மழை பிடித்ததும் ஆரம்பித்தது. நான் வீட்டுக்கு வந்து உட்காருவேன்... கொஞ்ச நேரத்தில் திரையின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. நெட் போச்சு. அதுவும் மெயில் வருகிற நேரம் பார்த்து! மறுநாள் மச்சான் ஜீப் கிளம்பும். என் ஜீப் போனட்டில் கோழி உட்கார்ந்திருக்கும்.

“நான் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க வந்தாத்தான் போவுது” என்றாள் செல்வி.

“அதுக்கு?”

“ஒங்க ஜீப்பு சத்தம் சொவத்துக்கு அந்தப் பக்கமும் கேக்கும்ல...”

அவ்வளவுதான். மண்டைக்குள் ஒரு வண்டு புகுந்துவிட்டது.

கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று போவேன். அக்கா வீடுதான் என்றாலும் திடுதிப்பென்று நுழைய மாட்டோம். வாசலில் நின்று, “மச்சான்... இருக்கீயளா?” என்று குரல் கொடுத்து, கொஞ்சம் பொறுத்துத்தான் உள்ளே போவோம். போனால் அவர் கம்ப்யூட்டர் முன்னால் பச்சைப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார்.

“எல்லாம் ஓடுதுல்ல மாப்ளே?”

அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்வி கத்துவாள்: “வந்துருச்சு!”

பார்த்தீர்களா? நான் வாசலில் நிற்கிற நேரத்துக்குள் பிடுங்கினதைத் திரும்ப மாட்டிவிடுகிறார்!

எக்ஸ்சேஞ்சிலிருந்து மலையாளி லைன்மேனைக் கூட்டிவந்தேன். அவர் காலையில் வந்து பார்த்துவிட்டு, “ஒயரில ஒரு கொழப்பமும் இல்ல சேட்டா” என்று போய்விட்டார். ஒயரில் இல்லையென்றால் குழப்பம் வேறு எங்கே இருக்கும்?

டீக்கடையில் ஜாடையாகக் கேட்டேன். “மச்சான், சில வீட்டு நெட்டுக்கு ஆள் பாத்து வேல செய்யத் தெரியுது போல.”

“ஒன் கம்ப்யூட்டருக்குக் குளிர்காய்ச்சல் மாப்ளே. சாயங்காலமானா படுத்துருது” என்று கடையே சிரிக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குச் சரியாகப் படவில்லை.

செல்வி அக்காவோடு பேச்சை நிறுத்தினாள். பிறகு ஒரு குடும்பத்துக்கு வாரம் முழுக்க ஜீப் வேண்டும் என்று மெயில் வந்து, அதுவும் மச்சானுக்கே போனது.

“ஒயர அறுத்துட்டு வாங்க. அவுக நெட்டும் வேணாம், ஒறவும் வேணாம்” என்றாள்.

கம்பி வெட்டுகிற குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்று எனக்குச் சளி, தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. குரல் கொடுக்க வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அறுக்கப் போகிறவனுக்கு மரியாதை என்ன என்று நேரே அடுக்களைக்குள் நுழைந்துவிட்டேன்.

விறகடுப்புக்கு மேலே நீல ஒயர். அதில் மச்சான் டவுசர், ஒரு பாவாடை, துண்டு... நடுவில், ஒயரை அடுப்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக வடிந்தபடி... என் ஸ்வெட்டர்.

“ஏலே! கொரல் குடுத்துட்டு வரமாட்டியா?” அக்கா பதறிப்போய் அத்தனையையும் உருவினாள். “நீ வாசல்ல கூப்புட்டா இதெல்லாம் எடுத்து மறச்சிருவேன்ல... டவுசரும் பாவாடையும் தம்பி கண்ணுல படணுமா?”

ஸ்வெட்டர் இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து: “வந்துருச்சு... நெட்டு வந்துருச்சு!”

ஒயரை மாட்டியிருந்த ஆணியில் அது வளைந்த இடத்தில், உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கிறது. டவுசர் வரைக்கும் தாங்கும். என் ஸ்வெட்டர் ஏறினால் பிரியும், இறங்கினால் ஒட்டும்.

ஸ்வெட்டரைத் தொட்டுக் காட்டி, இது எப்படி இங்கே என்று கையாலேயே கேட்டேன்.

“ஒம் பொண்டாட்டிதான் குடுத்தா. ஒங்க கேஸ் அடுப்புல இது காயுமா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டே நீட்டுவா. நான் என்ன செய்ய, தம்பி சட்டையாச்சேன்னு வாங்கிப் போடுவேன்.”

பின்னாலேயே மச்சான் வந்தார். “என்ன மாப்ளே, குறடும் கையுமா?”

நல்லவேளை, எனக்குக் குரல் இல்லை. ஜீப்பிலிருந்து கட்டுக்கம்பியை எடுத்துவந்து அதே குறட்டால் அடுப்புக்கு மேல் புதுசாக ஒரு கொடி கட்டிக் கொடுத்தேன். மச்சான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். குறட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்... சிரித்தார். மறுபடி கேட்கவே இல்லை.

அக்கா ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலி செய்து போடிமெட்டு இறங்கிப் போடிக்கே போய்விட்டார்கள். இப்போது ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு நெட்டு. மழைக்கு அதுவும் போகத்தான் செய்கிறது. போனால் யாரைச் சந்தேகப்படுவது? சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ புதுசு. கூப்பிட்டுக் கேட்கிற அளவுக்குப் பழக்கமில்லை.

போன வாரம் அப்படித்தான் நெட் போனது. கை சும்மா இருக்குமா... மச்சானுக்குப் போன் அடித்தேன். “என்ன மச்சான், நெட்டப் புடுங்கிட்டீயளா?”

“நான் போடியில கெடக்கேன்டே...” என்றார். “ஸ்வெட்டர எங்க காயப்போட்டுருக்க? அதப் பாரு மொதல்ல.”

ஒயரே இல்லாத நெட்டுக்கு, எழுந்துபோய் ஸ்வெட்டரைப் பார்த்தேன், கேட்டீர்களா...