டர்போ ஒட்டிய எங்கள் வீட்டுக் கார்

எங்களுடையது சின்ன வெள்ளைக் கார். அதன் முன்பக்கம் ஏதோ பந்தயக் காரின் சின்னம், பின்கதவில் சிவப்பு எழுத்தில் ‘டர்போ’. இரண்டையும் அப்பாதான் தம்பின் பட்டணத்துக் கடையொன்றில் வாங்கி ஒட்டினார். உள்ளே டர்போவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. “பார்க்க கெத்தா இருக்குல்ல?” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வேகமாக வந்தால் எல்லாம் சரிந்துவிடும். அதனால் மெதுவாகவே ஓட்டிப் பழகிய கால், காருக்கு வந்தும் மாறவில்லை. சாலையோரம் நடந்து போகிறவர்களிடம் நலம் விசாரித்துக்கொண்டே ஓட்டுவார்.

போன வருடம் நான் விரும்பியவரின் அம்மா, நீலாயிலிருந்து ரயிலேறி எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். அந்த அம்மா சரி என்றால்தான் கல்யாணம். எனக்கு இரண்டு நாளாகச் சோறே இறங்கவில்லை.

வாசலில் காரைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய மூத்த மகன் சாலையில் ரேஸ் ஓட்டிக் காலை முறித்துக்கொண்டவராம்.

“இது ரேஸ் போற வீடாம்மா? பட்டது போதும் எனக்கு.”

“ஐயோ, சும்மா அழகுக்கு ஒட்டுனதுலா!” என்றார் என் அம்மா. வந்தவர் நம்பவில்லை. பலகாரத்தைத் தொடக்கூட இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாடகைக் காரும் கிடைக்கவில்லை. அப்பா சாவியை எடுத்தார். அந்த அம்மா வேறு வழியில்லாமல் முன்சீட்டில் உட்கார்ந்து, கதவுக்கு மேலிருந்த பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன்.

தோட்டத்துச் சாலையில் ஒவ்வொரு வேகத்தடை மேட்டுக்கும் அப்பா காரை நிறுத்தியே விட்டார். பெரிய சாலைக்கு வந்ததும் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. காய்கறிக் கூடை கட்டிய கிழட்டு மோட்டார் சைக்கிள் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது.

“ரயிலு போயிரும்பா, கொஞ்சம் அமுக்குங்க!” என்றேன் நான்.

“போயிக்கிட்டுதானே இருக்கேன்.”

அந்த அம்மா பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் ஸ்டேஷனை எட்டியபோது ரயில் எங்கள் கண்ணெதிரே கிளம்பிப் போனது. போச்சு, கல்யாணமும் அதோடு போச்சு என்று நினைத்தேன். அந்த டர்போவை அங்கேயே பிய்த்து எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். “மன்னிச்சிருங்கம்மா. எனக்கு இதுக்கு மேல ஓட்ட வராது.”

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

“இதுக்கு மேல ஓட்டவே வேணாம், சம்மந்தி. அடுத்த ரயிலு வர்றதுக்குள்ள ஒரு டீ குடிப்போம், வாங்க.”

சம்மந்தி என்றார்! பின்சீட்டில் நான் ஓவென்று அழுதுவிட்டேன்.