ஹாரனிடம் சொல்லாத மூன்று மாதம்

ஹாரனுக்கு வீட்டில் சத்தம் போட அனுமதி இல்லை. அவள் கணவர் ஒரு கிடங்கில் இரவுக் காவலர். காலையில் வந்து படுத்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் எழுவார். ஒரு அறையும் சமையலறையும் மட்டுமே உள்ள வீடு. தட்டும் தட்டும் உரசக் கூடாதென்று நடுவில் துணியை மடித்து வைப்பாள். குழாயை நூலளவு திறந்து பாத்திரம் கழுவுவாள். போன் வந்தால் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடுவாள். வெளியில் அவள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். காலையில் பதினான்கு வீடு, பிற்பகலில் அதே பதினான்கு வீடு. எந்த வாசலிலாவது இருபது நொடிக்கு மேல் நிற்க வேண்டி வந்தால் கை தானாக ஹாரனை அமுக்கும். பிறகு வாயும் சேர்ந்துகொள்ளும். அப்படி வந்த பெயர்தான் அது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவளே ஒரு கணம் யோசிப்பாள்.

காலை ட்ரிப்புக்கும் பிற்பகல் ட்ரிப்புக்கும் நடுவே ஐந்து மணி நேரம் இருக்கிறது. வீட்டுக்குப் போனால் தும்மக்கூட முடியாது. வேனிலேயே உட்கார்ந்திருந்தால் வெந்துபோவாள். ஒரு நாள் டயர் கடையில் காற்றடிக்க நிறுத்தியபோது, மாடியில் தொம் தொம்மென்று சத்தம் கேட்டது.

"மேல என்னங்க, சுவரை இடிக்கிறாங்களா?" என்று டயர் கடைக்காரரைக் கேட்டாள்.

"இல்ல மேடம். ஜியு-ஜிட்சு கத்துக்குறாங்க. ஒருத்தரை ஒருத்தர் தூக்கிப் போட்டு அமுக்குவாங்க."

"சத்தம் போடலாமா?"

"யாரும் கேக்குறதில்ல."

படியேறிவிட்டாள். அன்று சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் தூக்கிப் போட, தொம் தொம்மென்று விழுந்துகொண்டிருந்த ஆள் நான்தான்.

நான் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவன். வயது ஐம்பத்திரண்டு, எடை தொண்ணூற்று நான்கு கிலோ. வேலையால் மட்டுமல்ல, உருவத்தாலும் ஃப்ரிட்ஜ்தான் என்று என் மனைவி சொல்வாள். செவ்வாயும் வெள்ளியும் காலை பதினொரு மணி வகுப்புக்கு அப்போது நான் ஒருவன்தான் வந்துகொண்டிருந்தேன். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் மாலையில் வருவார்கள். ஹாரன் வந்த பிறகு இருவரானோம். பதினாறு மாதமாக அவளுக்கு நான், எனக்கு அவள். வேறு நாதி கிடையாது.

இந்த விளையாட்டில் அடி உதை இல்லை. கட்டிப் புரண்டு எதிராளியின் கையையோ கழுத்தையோ கிடுக்கிப்பிடியில் மாட்ட வேண்டும். மாட்டிக்கொண்டவர் இரண்டு முறை தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். தட்டியவர் தோற்றவர். இந்தப் பதினாறு மாதத்தில் தட்டியவள் ஹாரன் மட்டும்தான். ஒவ்வொரு ரவுண்டிலும், ஒரு நாள் விடாமல்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பு முடிந்ததும் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, ஸ்கூல்ல நடுப்பகல் ட்ரிப் ஒண்ணு தர்றாங்க. சின்னப் புள்ளைங்களை பதினொன்றரைக்கு விட்டுடுறாங்கல்ல, அதுக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"அப்ப கிளாஸ்?"

"கிளாஸாவது ஒண்ணாவது! பதினாறு மாசமா தட்டிட்டே இருக்கேன். ரோட்டுல போனா எந்த ஸ்டாப் தாண்டினோம், இன்னும் எத்தனை இருக்குன்னாவது தெரியும். இங்க வண்டி கிளம்புச்சான்னே தெரியல."

நிற்காமல் நடந்தாள். ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கால் அரித்தது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "யோசிச்சு செய்ம்மா" என்றேன். இதைவிட உதவாக்கரையான வாக்கியம் தமிழில் இல்லை.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் மாதத்தில் நான் சும்மா மேலே படுத்தாலே அவள் தட்டிவிடுவாள். அதன் பிறகு எனக்கென்று ஒரு வித்தை வைத்திருந்தேன். பக்கவாட்டில் படுத்து, நெஞ்சால் அழுத்தி, அவள் திணறிக் கையை நீட்டும்போது அந்தக் கையைப் பிடித்து மடக்குவது. ஒரு வருடம் அதிலேயே பிழைப்பு ஓடியது. மூன்று மாதத்துக்கு முன்னால் அது நின்றுபோனது. நான் படுக்கப் போகும் இடத்தில் அவள் முழங்கை முன்கூட்டியே ஆப்பு மாதிரி நின்றது. சரி என்று கழுத்துக்குப் போனேன். இரண்டே வாரத்தில் தாடையை எங்கே ஒளிக்க வேண்டும் என்று கண்டுகொண்டாள். பிடித்தால் கழுவுற மீனில் நழுவுற மீனாக இருந்தாள். நான்காவது நிமிடத்திலேயே எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.

அப்போதுதான் அந்த ஈன வேலையை ஆரம்பித்தேன். ரவுண்டு நடுவே ஒருவரின் பெல்ட் அவிழ்ந்துவிட்டால் நிறுத்திக் கட்டிக்கொள்ளலாம், அது மரியாதை. நான் பெல்ட்டை வேண்டுமென்றே தளர்வாகக் கட்டிக்கொண்டு வருவேன். மூச்சு முட்டும் நேரத்தில் இடுப்பில் ஒரு இழுப்பு, பெல்ட் தரையில் கிடக்கும். "இரும்மா, இரும்மா" என்று மெதுவாகக் கட்டுவேன். அரை நிமிடம், முக்கால் நிமிடம். அதற்குப் பின் மறுபடி முழங்காலில் உட்கார்ந்து தொடங்க வேண்டும். அங்கே தொண்ணூற்று நான்கு கிலோ பேசும். அவளைச் சாய்த்து, மடக்கி, தட்ட வைத்துவிடுவேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, நான் விழுவதற்கு முன்பே மீசையைத் துடைத்துக்கொண்டவன்.

அவள் கணக்கில் ஒன்றும் மாறவில்லை. அன்றும் தட்டினாள், இன்றும் தட்டுகிறாள். அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாது. அவள் எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்பது என் விலா எலும்புக்குத்தான் தெரியும். சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். மாஸ்டர் பேசும் ஆள் இல்லை. மாதம் முழுக்க அவர் வாயிலிருந்து வருவது "மூச்சு", "முழங்கை" என்ற இரண்டு சொற்கள். அதையும் ஏதோ தன் சொத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது போலத்தான் சொல்வார்.

புதனும் வியாழனும் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு வீட்டில் ஓடாத ஃப்ரிட்ஜைப் பின்பக்கம் முழுதாகக் கழற்றிப் பரப்பிய பிறகுதான், ப்ளக்கே மாட்டவில்லை என்று அந்த வீட்டம்மா காட்டினார். சாப்பிடும்போது என் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு நாள் தோத்துட்டா குடியா முழுகிப் போயிடும்? வாயில இருக்கிற உண்மையை வெளிய துப்புங்க."

வெள்ளிக்கிழமை ஹாரன் எனக்கு முன்பே வந்து, உடை மாற்றி, தரை விரிப்பின் ஓரத்தை அளந்து நடந்துகொண்டிருந்தாள்.

"அண்ணே, முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கு ஒரே ஒரு தடவை உங்களைத் தட்ட வெச்சுட்டா இங்கயே இருப்பேன். இல்லேன்னா பன்னிரண்டு மணிக்கு போன் பண்ணி ட்ரிப்புக்கு சரின்னு சொல்லிடுவேன்."

அந்த நேரத்தில் என் மூளை செய்த காரியத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உண்மையைச் சொல்வதைவிடத் தோற்றுக் கொடுப்பது சுலபம் என்று பட்டது. ஒரு தட்டு தட்டினால் அவள் இருந்துவிடுவாள், நானும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மூன்றாவது நிமிடத்தில் அவள் என் கையைப் பிடித்தாள். கொஞ்சம் போராடுவது போலக் காட்டிவிட்டு, அவள் தோளில் இரண்டு முறை தட்டினேன்.

அவள் அசையவில்லை. பிறகு என் கையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"எதுக்குத் தட்டினீங்க?"

"மாட்டிக்கிட்டேனேம்மா."

"எது மாட்டுச்சு? கை முழுசா நீண்டாத்தானே பிடி விழும், உங்க கை மடங்கித்தான் இருந்துச்சு. நான் இன்னும் இழுக்கவே இல்ல." குரல் ஏறியது. கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் நின்றது. "பிச்சை போடுறீங்களா அண்ணே எனக்கு?"

பதினாறு மாதத்துக்கு முன்னால் இதே தட்டுக்கு அவள் துள்ளிக் குதித்திருப்பாள். இன்று கை எந்தக் கோணத்தில் இருந்தது என்று எனக்குப் பாடம் எடுக்கிறாள். அதை அவள் கவனிக்கவில்லை. எழுந்து போய்ப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கை, தாடை, மூச்சு, பெல்ட், எதையும் விடவில்லை. மூன்று மாதமாக அவளை ஏமாற்றித்தான் ஜெயிக்கிறேன் என்றேன். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இதுவும் நடிப்புதானே? போறவளுக்கு ஆறுதல் சொல்றீங்க."

இப்போதுதான் பொய்யாகத் தட்டியவன் நான். இந்த வாயிலிருந்து வருவதை யார் நம்புவார்கள்? பெல்ட்டை உருவி ஜன்னல் பக்கம் வீசினேன்.

"நம்பாத. வா. பத்து நிமிஷம், நிறுத்தாம. என் பலம் மொத்தத்தையும் போடுறேன். அதுக்கப்புறம் யாருக்கு வேணா போன் பண்ணு."

மாஸ்டர் கடிகாரத்தை அமுக்கினார்.

முதல் மூன்று நிமிடம் நான் ராஜாதான். சாய்த்தேன், அழுத்தினேன், என்னிடம் இருந்த எல்லாவற்றையும் போட்டேன். அவள் முகம் சிவந்தது. ஆனால் முழங்கை அதன் இடத்தில் இருந்தது. நான்காவது நிமிடம் என் நெஞ்சு அடைத்தது. என் வலது கை என்னைக் கேட்காமல் இடுப்புக்குப் போனது. அங்கே எதையோ பிடித்து இழுத்தது. இழுக்க அங்கே பெல்ட் இல்லை. விரல்கள் சட்டையின் ஓரத்தை வெறுமனே தடவின.

ஹாரன் அதைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

நான் சொன்ன ஆயிரம் வார்த்தையை நம்பாதவள் அந்தக் கையை நம்பினாள். அதற்குப் பிறகு அவள் அவசரப்படவில்லை. பதினாறு மாதத்தில் முதல்முறையாக அவளை நிதானமாகப் பார்த்தேன். நான் தள்ளினால் விலகினாள், இழுத்தால் கூடவே வந்தாள், எனக்கு மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்தாள். கடிகாரம் அடித்தபோது இருவரும் தட்டியிருக்கவில்லை. நான் மல்லாந்து கிடந்தேன். பழைய கம்ப்ரஸர் கடகடப்பது போல என் மூச்சு அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. அவள் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பெரிதாக மூச்சே வாங்கவில்லை.

"எப்பத்திலேருந்து அண்ணே?"

"மூணு மாசமா."

"மூணு மாசம்" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. வீட்டில் அவள் அப்படித்தான் பேசுவாள் போலும். "ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் கீழ போயி, வேன் கண்ணாடியை ஏத்திட்டு அழுவேன். நம்மால ஒண்ணும் ஆகாதுன்னு. அழுது முடிச்சு, மூஞ்சியைக் கழுவிட்டுத்தான் புள்ளைங்களை ஏத்தப் போவேன். நீங்க மேல நின்னு டாட்டா காட்டுவீங்க."

காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், அந்த ஜன்னலில் நின்று, சந்தோஷமாகக் காட்டியிருக்கிறேன். அவள் அழுதாள் என்பது எனக்குத் தெரியாது. என் மானத்துக்கு இவள் இவ்வளவு விலை கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. வியர்வை என்று சொல்லித் துடைத்தேன்.

"எனக்கும் தெரியும்" என்றார் மாஸ்டர் மூலையிலிருந்து. "நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்." தெரிந்தே மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்த இந்த மனிதரை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஹாரன் போனை எடுத்து அங்கேயே நின்று பேசினாள். இப்போது பழைய குரல், கீழே டயர் கடைக்கும் கேட்கிற குரல். "சார், நடுப்பகல் ட்ரிப்புக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க. அந்த நேரத்துல எனக்கு வேலை இருக்கு."

அவள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது நான் எழ முடியாமலே கேட்டேன்.

"மன்னிச்சிட்டியாம்மா?"

"இல்ல. செவ்வாய்க்கிழமை வாங்க."

போனேன். பெல்ட்டை இரட்டை முடிச்சாகக் கட்டிக்கொண்டு போனேன். ஏழாவது நிமிடத்தில் என் கை அவளிடம் மாட்டியது. இந்த முறை நடிப்பு இல்லை. கை முழுதாக நீண்டிருந்தது, முழங்கை மூட்டு முனகியது. இருந்தாலும் நான் தட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, எப்படியாவது நழுவிவிடலாம் என்று கிடந்தேன். அவள் மேலும் இழுக்கவில்லை, விடவும் இல்லை. பிடித்தபடியே காத்திருந்தாள்.

"சொல்ல வேண்டியதை நேரத்துல சொல்லுங்கண்ணே" என்றாள்.

தட்டினேன். அவளுக்கு நன்றாகக் கேட்கும்படி, இரண்டு முறை.