நிலுவையில் நின்ற கோதுமை

விதி தெளிவாகவே இருந்தது: சோதனை வயலில் எந்த ரகத்தையும், கதிர் முற்றி அறுத்து நிறுத்துப் பார்க்கும் முன் தள்ளக் கூடாது.

யுத்தத்தால் பர்மா அரிசி நின்றுபோய், தென்காசிப் பக்கம் கோதுமை விளையுமா என்று சர்க்கார் யோசித்த வருஷம். ஆய்க்குடியை அடுத்த மானாவாரிப் புஞ்சை ஒன்றில் மூன்று ரகங்களை விதைத்திருந்தோம். விவசாய இலாகாவில் அவற்றுக்குப் பொறுப்பு நான்.

மேலதிகாரி குற்றாலத்தில் முகாம். அருவிக் குளியலை முடித்து, பனி உலராத காலையில் வந்து, காரிலிருந்து இறங்காமலே வயலை ஆய்வு செய்தார். இரண்டு ரகங்கள் நெட்டை, நல்ல கரும்பச்சை. மூன்றாவது குட்டை, இலையெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும்.

"அந்தச் சோகை பிடித்ததை வெட்டி மாட்டுக்குப் போடச் சொல்லுங்கள்" என்றார். விதியை நினைவூட்டினேன். தமக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் எல்லாப் பயிரும் அழகுதான். உச்சிவெயிலில் பார்க்க வேண்டும். நெட்டைகளின் இலை சுருண்டுகொள்ளும், தொட்டால் சுடும். குட்டையின் இலை விரிந்தபடியே, குளிர்ச்சியாக இருக்கும். வேர் ஆழத்திலிருந்து ஈரத்தை இழுக்கிறது, இலை வியர்க்கிறது, அதனால் குளிர்கிறது. சாம்பல் பூச்சோ வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. பால் பிடிக்கும் பருவத்தில் இலை சோராமல் இருந்தால்தான் மணி தேறும்.

புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உத்தரவைக் கேள்விப்பட்ட நிலத்துக்காரர் அரிவாளோடு வந்துவிட்டார்.

"என்ன சார், தொட்டுத் தொட்டுப் பாக்குதிய? பயிருக்குக் காய்ச்சலா?"

"நெட்டைக்குத்தான் காய்ச்சல், அண்ணாச்சி. நீங்க வெட்ட வந்தது சுகமா இருக்கு."

அவரும் தொட்டுப் பார்த்தார். "குளுந்துதான் கெடக்கு. ஆனா பெரியவர் வெட்டச் சொல்லிட்டாரே. எனக்கும் எள்ளு விதைக்கணும்."

"மேல்முறையீடு எழுதப் போறேன். அது நிலுவையில இருக்கிறவரை யாரும் கைவைக்கக் கூடாது. அதுவும் விதிதான்."

"பதில் எப்ப வரும்?"

"கதிர் முத்தின பிறகு. நம்ம ஆபீஸ் எனக்குத் தெரியாதா?"

"ஆபீஸ நம்பி வெள்ளாமை பாக்குத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று அரிவாளை இடுப்பில் செருகினார். எள்ளைக் கொஞ்சம் தள்ளிப்போடவும் சம்மதித்தார்.

மனுவில் இலையின் சூடு, சுருள், பூச்சு எல்லாவற்றையும் எழுதி, குட்டையே அதிகம் விளையும் என்று துணிந்து கையெழுத்திட்டேன். தவறினால் உத்தியோகத்தில் என் சொல்லுக்கு மதிப்பிராது. அந்த ரகத்துக்கும் விதை மிஞ்சாது.

மாசியில் வறண்ட காற்று வீசியது. நெட்டைகளின் மணி சூம்பிப்போயிற்று. பதில் வரவில்லை. மூன்றையும் அறுத்து, அடித்து, சாட்சிகள் முன் நிறுத்தோம். குட்டைதான் முதல், மற்ற இரண்டும் அதன் கிட்டே வரவில்லை. நிலத்துக்காரர் ஒரு பிடி மணியை அள்ளி, வந்தவர்களிடமெல்லாம் தம் நிலத்துப் பெருமையாகக் காட்டினார். நான் மறுக்கவில்லை. என் பெருமை எடைச் சீட்டில் பத்திரமாக இருந்தது. விதை மூட்டையை என் கையாலேயே தைத்து, அரக்கு முத்திரை வைத்தேன்.

மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது, குட்டை ரகத்தை உடனே வெட்டவும் என்ற பதில் வந்து சேர்ந்தது பங்குனி உத்திரத்தன்று.