பெயர் கீறிய லென்ஸ்

டோக்கியோவில் பிரசவம் பார்க்கும் குவாபாரா கிசாகோ எவரையும் எளிதில் நம்பமாட்டார். பிறந்த குழந்தைகளைப் படமெடுக்கப் பெரிய லென்ஸை நீட்டியபோது தாய்மார் மிரண்டதால், பெரிய சென்சார் கொண்ட தன் ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்குச் சின்னதாக, தரமான, ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் தேடி நகானோவில் ஒரு பழைய கேமராக் கடைக்குப் போனார். கிடைத்தது, ஆனால் பாதி விலை. டார்ச் அடித்துப் பார்த்தார். பழைய லென்ஸ்களில் படரும் பூஞ்சை உள்ளே இல்லை.

"எதை மறைக்கிறீங்க, ஹிரானுமா சான்?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"அடியில பேரைக் கீறி வச்சிருக்காங்க, குவாபாரா சான். அதான் யாரும் வாங்கல."

"திருட்டுப் பொருளா?"

"ஐயோ, எங்கண்ணன் பேருங்க அது!"

"அவருக்கு ஃபோன் போடுங்க."

கிசாகோ ஃபோனை வாங்கி லென்ஸைப் பற்றிக் கேட்டதுமே அண்ணன், "லென்ஸ் துவாரத்தை முழுசாத் திறந்து எடுத்தா படத்தோட ஓரமெல்லாம் மங்கும். அவன் சொல்லியிருக்க மாட்டானே!" என்றார்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். கிசாகோவின் சந்தேகம் அப்போதுதான் தணிந்தது. குழந்தை முகம் நடுவில்தானே இருக்கும் என்று லென்ஸை வாங்கிக்கொண்டார்.