பாம்புக்கு ஒரு பஞ்சாரம், ஓணானுக்கு ஒரு வாளி

எழுமலைப் பக்கத்துத் தரிசுகளில் மூன்று வருடம் ஒரு பாம்பின் பின்னால் அலைந்தேன். விஷம் கிடையாது, விரல் தடிமன், பழுப்பு நிறம். அதைக் கும்பிடவும் ஆளில்லை, அடிக்கவும் ஆளில்லை. அது எதைத் தின்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் அத்தியாயம். தொண்டையில் விசிறி வைத்த சின்ன ஓணானைத்தான் தின்கிறது என்பது என் ஊகம். ஆனால் நான் போய் உட்கார்ந்த நாளெல்லாம் அது விரதம் இருந்தது.

“கண்ணால பார்த்த சாட்சி ஒண்ணாவது வேணும். மாசக் கடைசிக்குள்ள இல்லேன்னா அந்த அத்தியாயத்தைத் தூக்கிரு” என்று என் நெறியாளர் சொல்லிவிட்டார். அதைத் தூக்கினால் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான்.

அங்கே ஆடு மேய்க்கும் அக்காவிடம் நம்பரைக் கொடுத்து, பாம்பு ஓணானைப் பிடித்தால் உடனே கூப்பிடச் சொல்லிக் கெஞ்சியிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது.

“தம்பி, பிடிச்சிருச்சு! வெரசா வாங்க!”

மதுரையிலிருந்து கிளம்பினால், கோரிப்பாளையம் சிக்னலிலேயே கால் மணி நேரம் போனது. உசிலம்பட்டி தாண்டும்போது அழாத குறை. போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

வேலிக்கருவை நிழலில் அக்கா நின்றிருந்தார். அவருக்கு முன்னால் கோழி அடைக்கும் பஞ்சாரம், அதைச் சுற்றிலும் சாக்கு. இரண்டடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, மேலே கல் வைத்திருந்தார்.

“பாம்பு இதுல இருக்கு. ஓணான் அதுல இருக்கு.”

“அப்ப தின்னலையா?”

“பாதி உள்ள போயிருச்சு தம்பி. நாந்தான் வாலைப் பிடிச்சு வெளியே இழுத்தேன். நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிருச்சுன்னா என்னத்தப் பார்ப்பீக? தாய்மாமன் வராம காது குத்துவாகளா?”

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். ஆடுகளையெல்லாம் அவற்றின் போக்கில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காவல் காத்திருக்கிறார். முகத்தில் அம்புட்டுப் பெருமை. வாயை மூடிக்கொண்டேன்.

“இப்ப விடவா?” என்று இரண்டையும் தூக்கினார்.

எச்சில் காய்ந்த ஓணான் பாம்பைப் பார்த்தது. பாம்பு ஓணானைப் பார்த்தது. முன்பின் தெரியாதவர்கள் மாதிரி ஆளுக்கொரு திசையில் போய்விட்டன.

“காலையில அம்புட்டு ஆசையாத் தின்னுச்சே தம்பி” என்றார் அக்கா. அவர் முகம் வாடியது எனக்குத் தாங்கவில்லை.

நோட்டை எடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். எங்கே கவ்வியது, எப்படித் திருப்பியது, தலை உள்ளே போக எம்புட்டு நேரம். ஒரு கேள்விக்கும் அவர் தடுமாறவில்லை. நான் மூன்று வருடத்தில் எழுதியதைவிட அந்த அரை மணி நேரத்தில் அதிகம் எழுதினேன். பிறகு ஆய்வுப் படிவத்தை எடுத்து, ‘பார்த்தவர்’ என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன். கடைசிக் கட்டம், ‘உண்ணல் தடைபட்ட காரணம்’. அவர் மேல் பழி விழும்படி எழுத மனசு வரவில்லை. ‘தாய்மாமன் வரத் தாமதம்’ என்று எழுதினேன்.

நெறியாளர் முழுவதும் படித்தார். அத்தியாயம் இருக்கட்டும் என்றார். பிறகு கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“யாருக்குய்யா தாய்மாமன்? பாம்புக்கா, ஓணானுக்கா?”

“அந்த அக்கா என்னையத் தம்பின்னுதான் கூப்பிடுறாங்க சார்” என்றேன். “ரெண்டுக்கும் நான்தான்.”