மத்தியாஸின் கார்

என் மனைவியின் தம்பி, எங்கள் நகரத்தில் வாடகை மலிவான பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறான். கடைகளிலிருந்து சாப்பாட்டுப் பொதிகளை எடுத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அவனுடைய பழைய காரின் பின்கதவு ஒரு நிறம், மற்றக் கதவுகள் வேறு நிறம். போன கோடையில் மட்டும் பொலிஸ் அவனை நாலு தரம் மறித்தது. நாலாம் தரம் சாப்பாட்டுப் பைகளையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிந்த பையை வாங்கியவர் முறையிட, அவனுக்கு ஒரு கிழமை வேலை இல்லை. அதோடு அவனுக்குப் பொறுமை போய்விட்டது. பொலிசுக்கு எதிராக முறைப்பாடு போடப் போகிறேன், நல்ல பிரெஞ்சில் எழுதித் தாருங்கள், அனுப்ப இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்று என்னிடம் வந்தான்.

நான் பல் வைத்தியன். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் புத்தி சொல்கிறேன். அவர்களால் திருப்பிக் கதைக்க முடியாது. அந்தப் பழக்கத்தில் மச்சானுக்கும் சொன்னேன். காரை மாற்று, சட்டையை அயன் பண்ணிப் போடு, பிரெஞ்சைக் கொஞ்சம் திருத்து, முடிந்தால் வீட்டையும் எங்களைப்போல வசதியான மேற்குப் பக்கமாக எடு. கர்க்லாண்டில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், ஒருநாளாவது என்னை மறித்திருக்கிறார்களா என்றும் கேட்டேன். அவன் "ஓம் அத்தான்" என்றான். அவனுடைய ஓமுக்குச் சம்மதம் என்று பொருள் இல்லை, கதையை நிற்பாட்டுங்கள் என்றுதான் பொருள்.

கடிதத்தைப் பேந்து பார்ப்பம் என்று தள்ளிப் போட்டேன். நேரம் இல்லை என்று சொன்னது பொய். என் கையால் எழுதிய ஒன்று பொலிசுக்கு எதிராகப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், அவனை மறித்ததில் அவனுடைய பிழையும் கொஞ்சம் இருக்கும் என்று நான் மெய்யாகவே நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ரொக்ஸ்பரோவில் ஒரு புது வீட்டுக் குடிபூரலுக்குப் போக நானும் மகளும் புறப்பட்டோம். மனைவி முதலே போய்விட்டாள். மகளுக்குப் பதினாறு வயது. நான் மச்சானுக்குச் சொன்ன அத்தனையும் அன்றைக்கு என்னிடம் இருந்தது. வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையவில்லை. ஜேர்மன் கார் வாங்கி ஆறு மாதம். இடமோ என் சொந்தத் தெரு. ஐந்து வீடு தாண்டுவதற்குள் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழன்றது.

இந்த நாட்டில் பொலிஸ் மறித்தால் கைகளை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். அது மச்சானுக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். என்னைத்தான் ஒருநாளும் மறித்ததில்லையே, எனக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பழகிய மறிப்பு ஒன்றே ஒன்றுதான், அது யாழ்ப்பாணத்து ஆமிச் சென்றி, தெருவோரக் காவலரண். அங்கே தூரத்திலேயே சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். தொப்பி, கண்ணாடி இருந்தால் கழற்ற வேண்டும். அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்து போக வேண்டும். இறங்காமல் வருகிறவன் மேல்தான் அவர்களுக்குச் சந்தேகம்.

நான் இறங்கினேன். யோசித்து இறங்கவில்லை, கால் தானாக இறங்கியது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தேன். லைசென்சை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி அந்த இளம் பொலிஸ்காரரை நோக்கி நடந்தேன். அவருடைய கை இடுப்புக்குப் போனது. அப்படியே நில் என்று பிரெஞ்சில் கத்தினார். காருக்குள்ளிருந்து மகள், அப்பா ஏறுங்கோ, ஏறுங்கோ என்று அழுகிற குரலில் கூப்பிட்டாள். இருபத்தேழு வருடம் கதைத்த பிரெஞ்சில் ஒரு சொல்லும் வரவில்லை. வந்தது சிங்களம்.

"மாத்தையா," என்றேன்.

சென்றியில் நின்ற ஆமிக்காரனை நாங்கள் கூப்பிட்ட சொல் அது. பொலிஸ்காரர் நெற்றியைச் சுருக்கினார்.

"மத்தியாஸ்? மத்தியாஸ் யார்? இது மத்தியாஸின் காரா?"

அதற்குப் பிறகுதான் என் பிரெஞ்சு திரும்பி வந்தது. மத்தியாஸ் என்று ஒருவரும் இல்லை, கார் என்னுடையது, அதோ அந்த நீலக் கதவு வீடும் என்னுடையது, நான் பல் வைத்தியன் என்று ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன். பிரெஞ்சு நன்றாகக் கதைக்கிறீர்கள் என்று பாராட்டினார். பாராட்டிவிட்டு, மத்தியாஸ் இப்போது எங்கே என்று கேட்டார். அவருடைய மேல்வரிசை இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் சூத்தை விழுந்திருந்தது. எனக்கு அந்த நேரத்திலும் அது கண்ணில் பட்டது.

இருபது நிமிடம் என் தெருவில், எல்லோரும் பார்க்கும்படி நின்றேன். எதிர்வீட்டுக்காரர் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாகத் தினமும் எனக்கு bonjour சொல்கிறவர். இவர் இங்கேதான் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் குழாயைப் பூட்டிவிட்டு உள்ளே போனார். கடைசியில் பத்திரங்கள் கைக்கு வந்தன. சாதாரணப் பரிசோதனைதானாம், இப்படியான விலை கூடிய கார்கள் இந்தப் பக்கம் களவு போகின்றனவாம். நான் merci என்றேன். அதையும் இரண்டு தரம் சொன்னேன். நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பழைய கார் என்றபடியால் மச்சானை மறித்தார்கள், புதிய கார் என்றபடியால் என்னை மறித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் எந்த வருடக் காரை வாங்கினால் தப்பலாம் என்று காரை ஓட்டும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். மகள் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, மத்தியாஸ் யார் அப்பா என்று கேட்டாள். ஒருத்தரும் இல்லை என்றேன். ரொக்ஸ்பரோவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை. நேரே பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு ஓட்டினேன்.

மச்சான் சாரத்தோடு கதவைத் திறந்தான். நான் வாயைத் திறக்க முன்னமே மகள் முழுவதையும் பிரெஞ்சும் தமிழுமாகக் கொட்டிவிட்டாள். மத்தியாஸ் வந்த இடத்தில் மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்துவிட்டு, உண்மையிலேயே மாத்தையா என்றா சொன்னீர்கள் என்று என்னைக் கேட்டான். ஓம் என்றேன். அப்படியென்றால் என்ன என்று மகள் கேட்டாள். 'சேர்' மாதிரித்தான், மரியாதைக்குச் சொல்கிறது என்று நான் அவசரமாகச் சொன்னேன். மச்சானின் சிரிப்பு நின்றது.

"அத்தான், என்னை நாலு தரம் மறிச்சவங்கள். ஒரு தரமும் அந்தச் சொல்லு என்ர வாயில வரேல்ல."

குத்திக் காட்டச் சொல்லவில்லை. என்னைப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடிதத்தை இப்பவே எழுதுவம் என்றேன். அவன் தேத்தண்ணி போட்டான். சமையலறை மேசையில் நான் சொல்லச் சொல்ல மகள் தட்டினாள். அவனுடைய முறைப்பாடு முடிந்ததும், என்னுடையதையும் எழுது என்றேன். முறைப்பாட்டுப் படிவத்தில் பெயருக்குக் கீழே தொழில் என்று ஒரு பெட்டி இருந்தது. எழுதுவதா விடுவதா என்பது எங்கள் விருப்பம். பல் வைத்தியர் என்று போடு, அதைப் பார்த்தால் கொஞ்சம் கவனிப்பார்கள் என்றேன்.

"போடு பிள்ளை," என்றான் மச்சான். "அத்தான் அதை அந்தப் பொலிசுக்கும் சொன்னவர்தானே."

மகள் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பெட்டியை வெறுமையாக விடச் சொன்னேன்.