சார் திறக்காத இன்ஜின்

கடலூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது பழைய மாணவர் ஒருவர் அழைத்தார். "மேடம், சிதம்பரத்துல நம்ம ஞானசேகரன் சார் தவறிட்டாரு." வந்த பேருந்தை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஐடிஐயில் டீசல் மெக்கானிக் பிரிவில் அவரிடம் படித்து, இன்று இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவர் ஆசிரியர். எனக்குச் சக பயிற்றுநர். நான் வேலையில் சேர்ந்த அன்று, "டைலரிங், கம்ப்யூட்டர்னு எவ்ளோ இருக்கு, இதுக்கு ஏம்மா வந்த?" என்றுதான் வரவேற்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனவரைப் பற்றி நல்லதை மட்டும் பேச எனக்கு வராது. அவருக்கும் அது பிடிக்காது.

அந்த வருடமே என் மாணவர்கள் ஒரு மீனவர் பழுதுபார்க்கக் கொடுத்த படகு இன்ஜினை முழுக்கக் கழற்றிச் சரிசெய்து மாட்டினார்கள். எடுத்துப்போக வந்தவர் என்னைப் பார்த்ததும் தயங்கினார். "பொம்பள பாத்த இன்ஜின நம்பி கடலுக்குப் போவ முடியுமா? சார், நீங்க ஒரு வாட்டி தொறந்து பாத்துடுங்க." மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். சார் அதைத் திறந்தால் அந்த வகுப்பில் இனி என் பேச்சு எடுபடாது. வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

சார் ஸ்பேனரைத் தொடவில்லை. "படகுல மாட்டுங்க, நானும் வர்றேன்" என்றார். பெண்ணாடத்துக் கரும்புக் கொல்லையில் வளர்ந்த மனிதர், நீச்சல் தெரியாது. படகு முகத்துவாரம் தாண்டிப் போய்த் திரும்பும்வரை நான் கரையில் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன். வாந்தியெடுத்துச் சோர்ந்து, இரண்டு மாணவர்களின் தோளைப் பிடித்தபடி இறங்கினார். "இன்ஜின் நல்லாதான் இருக்கு. என் வயிறுதான் சரியில்ல." படகுக்காரர் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் தன் மச்சானுடைய இன்ஜினையும் கொண்டுவந்து, "மேடம், இதையும் பாத்துடுங்க" என்றார்.

எனக்கோ கோபம். நடுக்கடலில் இன்ஜின் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று கத்தினேன். "நான் தொறந்திருந்தா அது என் இன்ஜின் ஆயிருக்கும்மா. அது உன்னுது" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். மாணவர்கள் முடித்த வேலையைப் பார்க்கும்போது இன்றும் கை பரபரக்கும். பின்னால் கட்டிக்கொள்வேன்.

நன்றி சொல்ல வாயெடுத்தாலே, "டீ குடிச்சிட்டு வந்துடறேம்மா" என்று எழுந்து போய்விடுவார். இத்தனை வருடமும் சொல்ல விடவேயில்லை. சிதம்பரம் வீட்டில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னேன். இந்த முறை அவர் எழுந்து போகவில்லை.